டேகேர் லைசென்ஸ் விதி மாறும்போது: கலிபோர்னியாவில் கருத்து அனுப்புவது முதல் இன்ஸ்பெக்‌ஷன் வரை

கலிபோர்னியாவில் வீட்டில் டேகேர் நடத்தும் பலருக்குப் புது விதி ஒன்று வந்திருப்பது தெரிய வருவதே, லைசென்சிங் அனலிஸ்ட் (டேகேரைச் சோதிக்க வரும் மாநில அதிகாரி) வாசலில் வந்து நின்று "அந்தத் தாளைக் காட்டுங்கள்" என்று கேட்கும்போதுதான். அதற்குள் அந்த விதி வரைவாகி, 45 நாள் பொதுமக்கள் கருத்துக்குத் திறந்திருந்து, மூடி, அமலுக்கும் வந்திருக்கும். ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சான் ரமோன் பக்கம் ஹோம் டேகேர் நடத்தும் தமிழர்களுக்கும் இதே கதைதான். விதி எங்கே பிறக்கிறது, எந்த இடத்தில் அதை மாற்றச் சொல்லலாம், அமலானபின் வீட்டில் என்னென்ன மாற வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. மாறுவது சட்டமா, விதியா, அறிவிப்பா?

மூன்றுக்கும் பாதை வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்போம்.

சட்டம் சாக்ரமெண்டோவில் சட்டமன்றம் இயற்றுவது. டேகேருக்கான சட்டம் ஹெல்த் அண்ட் சேஃப்டி கோடில் 1596.70-லிருந்து தொடங்குகிறது, ஹோம் டேகேருக்கு உரிய பகுதி 1597.30-லிருந்து. 2019-ல் நிறைவேறிய எஸ்.பி. 234 (செனட் மசோதா 234) நல்ல உதாரணம். பெரிய ஹோம் டேகேரையும் வீட்டுப் பயன்பாடாகவே கருத வேண்டும், நகராட்சி அதற்குத் தனி ஜோனிங் பெர்மிட் கேட்கக் கூடாது என்று அது சொன்னது. 2020 ஜனவரி 1 முதல் அமல். இந்த வகை மாற்றத்தில் லைசென்சிங் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. மசோதா கமிட்டியில் இருக்கும்போது உங்கள் தொகுதி உறுப்பினரிடம்தான் பேச வேண்டும்.

விதி என்பது சமூக சேவைகள் துறை அந்தச் சட்டத்துக்குச் செயல்வடிவம் கொடுத்து எழுதுவது. கலிபோர்னியா விதித் தொகுப்பின் டைட்டில் 22, டிவிஷன் 12-ல் இருக்கிறது: முதல் அத்தியாயம் டேகேர் சென்டர்களுக்கு, மூன்றாவது ஹோம் டேகேருக்கு. பிள்ளைகள் எண்ணிக்கை 102416.5-ல், அன்றாட நடைமுறை 102417-ல், கைக்குழந்தை தூக்கம் 102425-ல். இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இன்ஸ்பெக்‌ஷனில் அடிக்கடி அடிபடுபவை இவை.

அறிவிப்பு என்பது அந்தத் துறையின் லைசென்சிங் பிரிவு அவ்வப்போது வெளியிடும் 'பின்' (ப்ரொவைடர் இன்ஃபர்மேஷன் நோட்டீஸ்). ஆண்டு, வரிசை எண், கடைசியில் சிசிபி என்று முடியும். சட்டத்தையும் விதியையும் விளக்குவதுதான் அதன் வேலை. எங்கும் இல்லாத புதுக் கட்டாயத்தை அறிவிப்பு வழியாகத் திணித்தால் அதற்கு 'அண்டர்கிரவுண்ட் ரெகுலேஷன்' என்று பெயர். அப்படி நினைத்தால் நிர்வாகச் சட்ட அலுவலகத்துக்கு, சுருக்கமாக ஓ.ஏ.எல்.-க்கு, மனு போடலாம். ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: விதி எழுதி முடியும்வரை எழுத்துமூல உத்தரவாலேயே அமல்படுத்தலாம் என்று சட்டமே சில நேரம் அனுமதி கொடுத்துவிடும். சென்டர்களின் குடிநீரில் ஈயம் சோதிக்கச் சொன்ன 2018-ன் ஏ.பி. 2370 அப்படித்தான் நடைமுறைக்கு வந்தது. 2010-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கான அந்தச் சோதனையில் 5 பிபிபி (நூறு கோடியில் 5 பங்கு) என்ற வரம்பு உத்தரவு வழியாகவே வந்தது. மனு போடுமுன் தாய்ச் சட்டத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே மத்திய அரசின் குழந்தைப் பராமரிப்பு நிதி நிற்கிறது. 2014 நவம்பரில் புதுப்பித்த சட்டமும் 2016-ன் விதியும் அந்த நிதி வாங்கும் மாநிலங்களுக்குச் சில நிபந்தனைகள் வைத்தன: உரிமம் பெற்று, அந்த நிதியின் மானியத்தில் வரும் பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது முன்னறிவிப்பில்லா இன்ஸ்பெக்‌ஷன், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பின்னணிச் சோதனை, இன்ஸ்பெக்‌ஷன் முடிவுகள் இணையத்தில். மாநிலம் மாநிலமாக விதிகள் ஒரே நேரத்தில் மாறினால் காரணத்தை வாஷிங்டனில் தேடுங்கள்.

2. எங்கே கண் வைப்பது

இரண்டு இடம் போதும். ஒன்று, லைசென்சிங் பிரிவின் மின்னஞ்சல் பட்டியல். 'பின்'கள் அதில் வரும். மற்றொன்று ஓ.ஏ.எல். வெள்ளிக்கிழமைதோறும் வெளியிடும் ரெகுலேட்டரி நோட்டீஸ் ரிஜிஸ்டர். வாராவாரம் முழுதாகப் படிக்கத் தேவையில்லை. திறந்து 'சோஷியல் சர்வீசஸ்' என்று தேடினால் இரண்டு நிமிட வேலை. வாட்ஸ்அப் குழுவில் வரும் "புது ரூல் வந்துவிட்டதாம்" செய்திகளில் பாதி வேறு மாநிலத்துடையது, மீதியில் பாதி சென்டர்களுக்கு மட்டும் பொருந்துவது. பார்வர்டு செய்தவரிடம் செக்‌ஷன் எண் கேளுங்கள்.

3. வரைவைப் படிக்கும் முறை

நோட்டீஸோடு மூன்று ஆவணங்கள் வரும். விதியின் வாசகம்: அடிக்கோடு போட்டது புதிதாகச் சேர்வது, குறுக்குக்கோடு போட்டது நீங்குவது. அடிக்கோட்டை எல்லோரும் படிப்பார்கள். குறுக்குக்கோட்டையும் படியுங்கள், இதுவரை இருந்த சலுகை ஒன்று அங்கேதான் சத்தமில்லாமல் போயிருக்கும்.

அடுத்தது காரண அறிக்கை. ஒவ்வொரு மாற்றமும் ஏன் தேவை என்று துறை அதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவது, பொருளாதாரத் தாக்கப் படிவம், எண் 399. சிறு தொழிலுக்கு எவ்வளவு செலவாகும் என்று துறை போட்ட கணக்கு அதில் இருக்கும். "செலவு இல்லை" அல்லது "மிகக் குறைவு" என்று இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அதுதான் பிடி.

4. கருத்துக் கடிதம்

நோட்டீஸ் வெளியான நாளிலிருந்து குறைந்தது 45 நாள் திறந்திருக்கும். அஞ்சல், மின்னஞ்சல் எதிலும் அனுப்பலாம். பொது விசாரணை அறிவிக்கப்படவில்லை என்றால், கெடு முடிய 15 நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்டால் துறை நடத்தியாக வேண்டும்.

இந்தக் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. வரும் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பரிந்துரைக்கும் துறை இறுதிக் காரண அறிக்கையில் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: ஒரே மாதிரி வருபவற்றைக் கட்டாகக் கட்டி ஒரே பதிலில் முடிக்கலாம், வரைவுக்குத் தொடர்பில்லாதவற்றையும் அப்படியே. ஆகவே 200 பேர் ஒரே டெம்ப்ளேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கிடைப்பது 200 பதில் அல்ல, ஒன்றுதான். ஐந்து பேர் ஐந்து விதமான கணக்கோடு எழுதினால் ஐந்து பதில் எழுத வேண்டிய கட்டாயம் துறைக்கு.

கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இப்போதைய விதிப்படி தூங்கும் கைக்குழந்தையை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துக் குறிக்க வேண்டும். இதை 10 நிமிடமாக்க வரைவு வந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வழக்கமாகப் போகும் கடிதம்:

"நாங்கள் ஏற்கெனவே கடுமையாக உழைக்கிறோம். இந்த விதி எங்களுக்குப் பெரிய சுமை. தயவுசெய்து திரும்பப் பெறவும்."

இதற்குப் பதில் ஒரே வரியில் வரும்: குழந்தைகளின் பாதுகாப்பே முக்கியம். விஷயம் முடிந்தது. இப்போது இதைப் பாருங்கள்:

"செக்‌ஷன் 102425-ல் செய்ய உத்தேசித்துள்ள மாற்றம் பற்றி. நான் 12 பிள்ளைகள் உள்ள பெரிய ஹோம் டேகேர் நடத்துகிறேன். அதில் 4 கைக்குழந்தைகள். இரண்டு மணி நேரத் தூக்கத்தில் இப்போது ஒரு குழந்தைக்கு 8 பார்வை, மொத்தம் 32 குறிப்பு. புது விதியில் 12 வீதம் 48. கூடுதலாக 16. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் நாளுக்கு 16 நிமிடம். வாரம் 5 நாள், ஆண்டுக்கு 50 வாரம், சுமார் 67 மணி நேரம். உதவியாளருக்கு மணிக்கு 20 டாலர் என்றால் சுமார் 1,333 டாலர். படிவம் 399 செலவு இல்லை என்கிறது. மாற்று யோசனை: தூங்கும் அறையிலேயே ஒருவர் உட்கார்ந்து தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் இப்போதைய 15 நிமிடக் குறிப்பே போதும் என்று ஒரு துணைப்பிரிவு சேர்க்கலாம்."

இரண்டாவது கடிதம் வேலை செய்வதற்குக் காரணம் இருக்கிறது. விதியை ஓ.ஏ.எல். ஆறு அளவுகோல்களில் நிறுத்துப் பார்க்கும்: தேவை, அதிகாரம், தெளிவு, முரணின்மை, மேற்கோள், இரட்டிப்பின்மை. இதைவிடச் சுமை குறைந்த, அதே பயன் தரும் வேறு வழி இல்லை என்றும் துறை எழுதித் தர வேண்டும். நீங்கள் ஒரு மாற்று வழியை மேசையில் வைத்துவிட்டால் அதை ஏன் ஏற்கவில்லை என்று விளக்காமல் தாண்ட முடியாது. "தெளிவு" என்பதும் நல்ல ஆயுதம். "அடிக்கடி", "போதுமான", "உடனடியாக" போன்ற சொற்கள் வரைவில் இருந்தால், இரண்டு அனலிஸ்ட்கள் அதை இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய ஒரு சூழ்நிலையை எழுதிக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கடிதம் பொது ஆவணமாகிவிடும். யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம். பிள்ளைகளின் பெயர், உடல்நிலை, பெற்றோர் விவரம் எதையும் எழுதாதீர்கள். ஆங்கில இலக்கணம் பிசகினால் பாதகமில்லை. எண்கள் பிசகக் கூடாது.

5. 15 நாள் சுற்று

கருத்துகளைப் பார்த்தபின் துறை வாசகத்தை மாற்றினால், மாற்றம் முதல் வரைவோடு போதிய தொடர்புடையதாக இருக்கும்பட்சத்தில், இன்னொரு 15 நாள் தர வேண்டும். பெரும் மாற்றம் என்றால் மறுபடி 45. இந்த 15 நாளில் மாறிய வரிகளைப் பற்றி மட்டுமே பேசலாம். பழைய குறையை மீண்டும் எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். முதல் சுற்றில் கருத்து எழுதியவர்களுக்கும் தகவல் கேட்டுப் பதிந்தவர்களுக்கும் இந்த நோட்டீஸ் நேராக வரும். சும்மா ஒரு வரி எழுதி வைத்திருந்தால்கூட இதற்காகவே பயன்.

6. எப்போது அமல்

நோட்டீஸ் வெளியாகி ஓராண்டுக்குள் முழுக் கோப்பும் ஓ.ஏ.எல்.-க்குப் போக வேண்டும். அவர்களுக்கு 30 வேலை நாள். நிராகரித்தால் துறை 120 நாளுக்குள் திருத்தி மறுபடி கொடுக்கலாம். ஒப்புதல் கிடைத்து மாநிலச் செயலரிடம் தாக்கலாகும் மாதத்தைப் பொறுத்து அமல் தேதி விழும்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை தாக்கலானால் ஜனவரி 1, டிசம்பர்–பிப்ரவரி என்றால் ஏப்ரல் 1, மார்ச்–மே என்றால் ஜூலை 1, ஜூன்–ஆகஸ்ட் என்றால் அக்டோபர் 1. துறை காரணம் காட்டி முன்கூட்டியும் கேட்கலாம். எனவே தாக்கலானதும் தேதியைத் தனியாகப் பாருங்கள்.

அவசர விதிக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. ஓ.ஏ.எல்.-இடம் கொடுக்க 5 வேலை நாளுக்கு முன் அறிவிப்பு, அவர்கள் முடிவெடுக்க 10 நாள், நீங்கள் கருத்துச் சொல்ல 5 நாள். அமலானால் 180 நாள் நிற்கும், பிறகு 90 நாள் வீதம் இருமுறை நீட்டலாம். ஐந்து நாளில் நல்ல கடிதம் எழுதுவது கஷ்டம். நிரந்தரமாக்க வரும் வழக்கமான சுற்றுக்கு உங்கள் கணக்கைத் தயார் செய்து வையுங்கள். அந்த 180 நாளும் உங்களிடம் நிஜச் செலவு விவரம் சேரும்.

வரைவே இல்லாதபோது, பழைய விதி ஒன்றை மாற்றச் சொல்லி நீங்களாகவும் மனு போடலாம். அரசுச் சட்டத் தொகுப்பு 11340.6 அந்த உரிமையைத் தருகிறது. 30 நாளுக்குள் துறை எழுத்தில் பதில் தர வேண்டும்: மறுத்தால் காரணத்தோடு, இல்லையென்றால் விசாரணைக்கு நாள் குறித்து.

7. வீட்டைத் தயார் செய்வது

விதி அமலாகும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே புது நடைமுறையில் ஓடிப் பாருங்கள். தாளில் சுலபமாகத் தெரிவது மதியம் ஒரு குழந்தை அழ, இன்னொன்றுக்கு டயப்பர் மாற்றும்போதுதான் வேலைக்காகாது என்று தெரியும்.

முதலில் படிவங்கள். இவற்றின் எண்கள் எல்லாம் எல்.ஐ.சி. என்று தொடங்கும், நமக்கு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் நினைவுக்கு வருவார், இங்கே அது லைசென்சிங்கின் சுருக்கம். விதி மாறினால் படிவத்தின் மூலையில் இருக்கும் மாத-ஆண்டும் மாறியிருக்கும். பழைய பதிப்பை ஜெராக்ஸ் எடுத்து வைத்து அதையே வருடக்கணக்கில் ஓட்டுவது பரவலான தவறு. 12 மாதத்துக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் தூக்கத் திட்டம் 9227, பிள்ளைகள் பட்டியல் 9040, பேரிடர்த் திட்டம் 610ஏ, லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் பெற்றோர் கையெழுத்திடும் 282: இந்த நான்கையும் தளத்தில் உள்ள பதிப்போடு ஒப்பிடுங்கள்.

தூக்கக் குறிப்பில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விட்டவர்கள் அல்ல, பார்த்தும் எழுதாமல் விட்டவர்கள். மாலையில் உட்கார்ந்து 1:00, 1:15, 1:30 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் நிரப்பிய தாளைப் பார்த்ததும் அனலிஸ்டுக்குப் புரிந்துவிடும். தொட்டில் அருகே கிளிப்போர்டு, செல்போனில் 15 நிமிட அலாரம், 1:14, 1:28 என்று நிஜ நேரம் எழுதுவது போதும். மூச்சுத் திணறல், தோல் சிவத்தல், உடல் சூடு, அமைதியின்மை உண்டா என்பதற்குத் தனித்தனிக் கட்டம் வையுங்கள். தொட்டிலில் போர்வை, தலையணை, பொம்மை எதுவும் கூடாது. துணியில் இறுகச் சுற்றிப் படுக்கவைப்பதும் கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி உதவிக்கு நின்றால் இதை அவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். குப்புறப் படுக்கவைத்துத் தட்டிக்கொடுப்பது நம் வீட்டுப் பழக்கம். இங்கே ஒரு வயதுவரை மல்லாந்துதான். அவர் பிள்ளைகளோடு இருக்கப் போகிறார் என்றால் கைரேகைச் சோதனை முடிந்திருக்க வேண்டும் என்பதும் சேர்த்தி.

எண்ணிக்கைக் கணக்குதான் அதிகம் சறுக்கும் இடம். சிறிய ஹோம் டேகேரில் கைக்குழந்தைகள் மட்டும் என்றால் 4. கலந்து என்றால் 6, அதில் கைக்குழந்தை 3-க்கு மேல் கூடாது. கைக்குழந்தை என்பது இங்கே இரண்டு வயது நிறையும்வரை. எட்டு வரை போகலாம், ஆனால் அப்போது கைக்குழந்தை 2-தான், ஒரு பிள்ளை கிண்டர்கார்டனோ அதற்கு மேலோ படிக்க வேண்டும், இன்னொரு பிள்ளைக்கு 6 வயதாவது இருக்க வேண்டும், பெற்றோருக்குச் சொல்லியிருக்க வேண்டும், வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பெரியதில் 12, கைக்குழந்தை 4. அல்லது இதே மாதிரி நிபந்தனைகளோடு 14, கைக்குழந்தை 3.

இதில் மறப்பது உங்கள் சொந்தப் பிள்ளையை. பத்து வயதுக்குட்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் கணக்கில் சேர்த்திதான். காலையில் 3 கைக்குழந்தை, 3 சிறுவர் என்று சரியாக 6 பேர். மதியம் 2:45-க்கு உங்கள் எட்டு வயது மகள் பள்ளி முடிந்து கதவைத் திறக்கிறாள். ஏழு. ஏழு என்றால் கைக்குழந்தை இரண்டுக்கு மேல் கூடாது, பள்ளி வயதுப் பிள்ளை ஒன்று போதாது. அவள் ஷூவைக் கழற்றுவதற்குள் விதி மீறல். சராசரி, "அஞ்சு நிமிஷத்துல அம்மா வந்துடுவாங்க" எதுவும் எடுபடாது. எந்த நொடியிலும் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். விதி மாறும் ஒவ்வொரு முறையும் காலை 7 முதல் மாலை 6 வரை அரைமணிக்கு ஒரு வரி போட்டு, யார் யார் வீட்டில் இருப்பார்கள் என்று ஒரு நாளை எழுதிப் பாருங்கள்.

சான்றுகளுக்கு ஒரே காலண்டர் வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தைகளுக்கான முதலுதவி–சிபிஆர் இரண்டாண்டுக்கு ஒருமுறை, துன்புறுத்தல் பற்றிப் புகார் செய்யும் கடமைக்கான பயிற்சி இரண்டாண்டுக்கு ஒருமுறை, தீ ஒத்திகை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2016 செப்டம்பர் முதல் தட்டம்மை, கக்குவான், ஃப்ளூ தடுப்பூசிப் பதிவும் உண்டு, உதவியாளருக்கும் சேர்த்து.

8. இன்ஸ்பெக்‌ஷனில் குறை எழுதினால்

குறை இரண்டு வகை. டைப் ஏ என்பது உடனடி ஆபத்து, டைப் பி என்பது ஆபத்தாகக்கூடியது. டைப் ஏ வந்தால் அறிக்கையை 30 நாள் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும், இப்போதுள்ள பெற்றோருக்கும் அடுத்த 12 மாதத்தில் சேர்பவர்களுக்கும் நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அனலிஸ்ட் கிளம்புமுன் அறிக்கையில் செக்‌ஷன் எண் இருக்கிறதா பாருங்கள். 'பின்' எண் மட்டும் எழுதியிருந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் சட்டமோ விதியோ எது என்று மரியாதையாகக் கேளுங்கள். கையெழுத்துப் போடுவது அறிக்கை கிடைத்ததற்கு. குறையை ஒப்புக்கொண்டதாக ஆகாது. முறையீட்டுக்கு 15 வேலை நாள். அதில் "நான் அப்படிச் செய்யவில்லை" என்பதைவிட, அன்றைய பதிவேட்டு நகலும், விதியின் அமல் தேதியும், அதன் இறுதிக் காரண அறிக்கையில் துறையே சொன்ன விளக்கமும் கனமானவை. 102425-ன் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று யாரோ ஒருவர் 45 நாள் சுற்றில் கேட்டிருப்பார். துறை எழுத்தில் பதில் சொல்லியிருக்கும். அந்தப் பக்கத்தை இணையுங்கள்.

வேறு மாநிலத்தில் இருந்தால்

டெக்சாஸில் விதிகள் நிர்வாகத் தொகுப்பின் டைட்டில் 26-ல். சென்டர்களுக்கு 746, வீடுகளுக்கு 747. ஆறு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு விதியையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்வதால் பெரிய மாற்றம் வரும் காலத்தை ஓரளவு முன்பே கணிக்கலாம். நியூ ஜெர்சியில் விதிகளுக்கு ஏழாண்டு ஆயுள். காலாவதியாகுமுன் மறுபடி ஏற்க வேண்டும். முக்கிய மாற்றங்களோடு ஏற்பதாக இருந்தால் வாசகம் கருத்துக்குத் திறக்கும், மாற்றமில்லாமல் ஏற்றால் வெறும் அறிவிப்போடு முடிந்துவிடலாம். உங்கள் விதியின் முகப்பில் இருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து, அதற்கு ஓராண்டு முன்பே செலவுக் கணக்கு எழுதத் தொடங்குங்கள்.